மூலக்கோப்பு தொலைந்த ஃபிளாஷ் பாடத்தில் நிரலைத் திருத்துவது எப்படி?

அசைவூட்டங்களையும் ஊடாட்டப் பாடங்களையும் உருவாக்கும் ஃபிளாஷ் மென்பொருளில் செய்த எந்த ஆக்கத்துக்கும் இரண்டு கோப்புகள் உண்டு. படங்கள், அடுக்குகள், காலக்கோடு, நிரல் ஆகிய அனைத்தையும் திருத்தக்கூடிய நிலையில் வைத்திருப்பது எஃப்எல்ஏ என்னும் மூலக்கோப்பு. அதைத் தொகுத்து, ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் ஏற்றபடி இறுக்கிக் கட்டிய வடிவம் எஸ்டபிள்யூஎஃப். பேச்சில் இதை ‘ஸ்விஃப்’ என்பார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். இணையதளத்துக்கும் குறுந்தகட்டுக்கும் போனது ஸ்விஃப் மட்டுமே. மூலக்கோப்பு, செய்தவரின் கணினியோடு நின்றுவிட்டது. அந்த வன்தட்டு பழுதானால், அல்லது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், பாடம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற வழியில்லை என்று தோன்றும்.

வழி இருக்கிறது. நான் திருத்திய ஒரு பாடத்தையே எடுத்துக்காட்டாக வைத்து அதை விளக்குகிறேன். அது மனிதக் கண்ணின் அமைப்பைக் காட்டும் பாடம், 2006-இல் செய்யப்பட்டது, இறுதியில் 10 வினாக்கள் கேட்டு மதிப்பெண் சொல்லும். அதில் மூன்று குறைகள் இருந்தன. மதிப்பெண்ணை அனுப்பும் சர்வரின் முகவரி பழையதாகிவிட்டது. 8 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்று திரையில் எழுதியிருந்தும், சரியாக 8 எடுத்த மாணவருக்குத் ‘தேர்ச்சி இல்லை’ என்று வந்தது. ‘மீண்டும்’ பொத்தானை அழுத்தினால் பழைய மதிப்பெண் அழியாமல் அதன்மேலேயே கூடிக்கொண்டு போனது. முதலாவது ஒரு சொற்சரத்தை மாற்றும் வேலை, இரண்டாவது ஓர் எண்ணை மாற்றும் வேலை, மூன்றாவது இல்லாத ஒரு வரியைச் சேர்க்கும் வேலை. பெரும்பாலான திருத்தங்கள் இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடும். கடினமும் இதே வரிசையில்தான் கூடும்.

புதியவர்கள் பெரும்பாலும் ஸ்விஃப்பிலிருந்து எஃப்எல்ஏவை மீட்டெடுத்து, அதைத் திருத்தி மறுபடி தொகுக்கவே முதலில் முயல்வார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தொகுத்த கோப்பிலிருந்து நிரலைத் திரும்ப எடுக்கும் கருவியான டிகம்பைலர் ஓர் எஃப்எல்ஏவைக் கட்டிக் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் பழைய இயக்கங்கள் ஒவ்வொரு சட்டகமாக (காலக்கோட்டின் ஒவ்வொரு படமாக) உடைந்து கிடக்கும். நூலகத்தில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை எண்களாக மாறியிருக்கும். குறிப்புரைகள் ஒன்றுகூட இருக்காது. அதை மறுபடி தொகுத்தால், நீங்கள் கையே வைக்காத இடங்களிலும் ஏதேனும் மாறியிருக்கக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பில் வேண்டிய இடத்தை மட்டும் திறந்து, வேண்டிய அளவு மட்டும் மாற்றி மூடுவதே பாதுகாப்பான முறை. கீழே சொல்பவை எல்லாம் அந்த ஒரே நோக்கில் அமைந்தவை.

திறப்பதற்கு முன்

கோப்பு உங்களுடையதா, அல்லது உரியவரிடம் திருத்த அனுமதி பெற்றிருக்கிறீர்களா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மூலக்கோப்பு உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயர் மாறிய, பின்னொட்டு போன எஃப்எல்ஏக்கள் பழைய குறுந்தகடுகளில் கிடப்பதுண்டு. ஃபிளாஷ் சிஎஸ்4 பதிப்பு வரையிலான எஃப்எல்ஏ, பழைய வேர்டு ஆவணத்தைப் போன்ற கூட்டுக் கோப்பு. கோப்பின் பைட்டுகளை நேரே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் அதன் முதல் நான்கு பைட்டுகள் டி0, சிஎஃப், 11, இ0 என்று இருக்கும். சிஎஸ்5-இலிருந்து அது ஒரு ஜிப் பொதியாக மாறியது. ஆகவே ‘பிகே’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். மீட்பு மென்பொருள் பெயரில்லாமல் அள்ளிக் கொடுத்த கோப்புகளுக்கிடையே மூலத்தை அடையாளம் காண இந்தக் குறிப்பு உதவும். நிரலைத் தனியே, ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் கோப்புகளாக எழுதியிருந்தால் அவையும் எங்கேனும் எஞ்சியிருக்கலாம்.

அடுத்து, மாற்ற வேண்டிய செய்தி ஸ்விஃப்புக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று பாருங்கள். பாடத்தை ஏந்தியிருக்கும் ஹெச்டிஎம்எல் பக்கத்தில் ‘ஃபிளாஷ்வார்ஸ்’ என்ற பெயரில் சில மதிப்புகள் கொடுக்கப்பட்டிருக்கலாம். அதே கோப்புறையில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கலாம். வினாக்களையும் முகவரியையும் அங்கிருந்து வாசிக்கும் பாடமாக இருந்தால் நோட்பேடில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். என் பாடத்தில் அப்படி எதுவும் இல்லை. எல்லாம் உள்ளேயே இருந்தன.

ஸ்விஃப்பை மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்றைப் படிக்க மட்டும் என்று குறித்து வைத்துவிடுங்கள். அதன் ஹாஷ் எண்ணையும் (கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் வேலை செய்யுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு திருத்தமும் வெற்றியானபின் அதுவரையிலான நிலையைச் சேமிப்பதற்கு.

கோப்பின் தலைப்பகுதி சொல்வது

ஸ்விஃப்பின் முதல் மூன்று எழுத்துகள் அது எவ்வாறு சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். எஃப்டபிள்யூஎஸ் என்றால் சுருக்கப்படாதது. சிடபிள்யூஎஸ் என்றால் ஜீலிப் முறையில் சுருக்கியது. இசட்டபிள்யூஎஸ் என்றால் எல்ஜெட்எம்ஏ முறையில் சுருக்கியது. நான்காவது பைட் பதிப்பு எண். அதையடுத்த நான்கு பைட்டுகள், சுருக்கத்தை அவிழ்த்த பின் கோப்பு எவ்வளவு நீளம் என்பதைக் குறிக்கும். அதன்பிறகு திரையின் அளவும், வினாடிக்கு எத்தனை சட்டகம் என்பதும், மொத்தச் சட்டகங்களின் எண்ணிக்கையும் வரும். மீதி முழுவதும் ‘டேக்’ எனப்படும் துண்டுகளின் வரிசை. ஒவ்வொரு டேக்கும் தன் வகை எண்ணையும் நீளத்தையும் தாங்கியிருக்கும். வடிவம், ஒலி, எழுத்துரு, நிரல் எல்லாம் தனித்தனி டேக்குகளாகவே இருக்கும்.

நிரலைத் தாங்கும் டேக் எது என்பதைப் பொறுத்தே நம் வேலை அமையும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஆகியவற்றில் எழுதிய நிரல் வகை எண் 12 கொண்ட டேக்கிலும், வகுப்புகள் இருந்தால் 59-இலும் இருக்கும், பொத்தான்களுக்குள்ளும் இருக்கும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்றால் அநேகமாக எல்லாம் 82-ஆம் வகை டேக்குக்குள் ஒரே தொகுதியாக இருக்கும். இவ்விரண்டையும் ஓட்டும் உள் எந்திரங்களே வெவ்வேறு. மூன்றாம் பதிப்பு, 2006-இல் வந்த ஃபிளாஷ் பிளேயர் 9 உடன் அறிமுகமானது. ஆகவே கோப்பின் பதிப்பு எண் 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் பழைய வகை என்று உறுதியாகச் சொல்லலாம். 9-உம் அதற்கு மேலும் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். திறந்துதான் பார்க்க வேண்டும்.

குறுந்தகட்டுப் பாடங்கள் பலவும் எக்ஸ்இ கோப்பாக இருக்கும். அவை பெரும்பாலும் பிளேயருடன் ஸ்விஃப்பை ஒட்டிவைத்த ‘புரொஜெக்டர்’கள்தான். அந்த எக்ஸ்இயின் வால்பகுதியிலிருந்து ஸ்விஃப்பைத் தனியே பிரித்தெடுத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

கருவிகள்

இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவது ஜேபெக்ஸ் ஃப்ரீ ஃபிளாஷ் டிகம்பைலர். சுருக்கமாக எஃப்எஃப்டெக் என்பார்கள். கட்டற்ற மென்பொருள், ஜாவாவில் எழுதியது. இரு வகை நிரலையும் திறந்து காட்டும். அங்கேயே திருத்திச் சேமிக்கவும் விடும். ஃபிளாஸ்ம் என்ற பழைய கருவி முதலிரண்டு பதிப்புகளுக்கும் ஏற்றது. மூன்றாம் பதிப்பை அது அறியாது.

திருத்தியதை ஓட்டிப் பார்க்க ஒரு பிளேயர் வேண்டும். அடோபி 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் உலாவிக்குள் ஃபிளாஷ் ஓடாதபடி அந்த பிளேயரே தடுத்தது. ஆகவே உலாவியை நம்பாமல், உலாவி இல்லாமல் தனியே ஓடும் பிளேயரை வைத்துக்கொள்ளுங்கள்; இதையும் புரொஜெக்டர் என்பார்கள். அதோடு, ஃபிளாஷ் பிளேயரைப்போலவே பாடத்தை ஓட்டிக் காட்டும் ரஃபிள் என்ற கட்டற்ற எமுலேட்டரையும் நிறுவுங்கள். பாடம் இனிமேல் உலாவியில் ஓட வேண்டுமானால் அநேகமாக ரஃபிள் வழியாகத்தான் ஓடும்; எனவே புரொஜெக்டரில் சரியாக ஓடினால் போதும் என்று விட்டுவிட முடியாது.

முதலில் ஒன்றும் மாற்றாமல் சேமியுங்கள்

எஃப்எஃப்டெக்கில் கோப்பைத் திறந்ததும் இடப்பக்கம் ஒரு மரம் போன்ற பட்டியல் தெரியும். அதில் ஸ்கிரிப்டுகள் என்ற கிளையை விரித்தால், எந்தச் சட்டகத்தில், எந்தப் பொத்தானில், எந்தக் கிளிப்பில் (தனிக் காலக்கோடு கொண்ட உட்படத்தில்) நிரல் இருக்கிறது என்று காட்டும். ஒன்றைச் சொடுக்கினால் நடுவில் டிகம்பைல் செய்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும், வலப்பக்கம் அதற்குரிய ‘பி-கோடு’ என்னும் கீழ்நிலைக் கட்டளைகளும் வரும். நடுவில் தெரிவது மூலநிரல் அன்று. கீழ்நிலைக் கட்டளைகளைப் பார்த்துக் கருவி ஊகித்து எழுதிய வடிவம் அது. மாறிகளின் பெயர்கள் சில இடங்களில் போய், எண்ணிட்ட பொதுப்பெயர்கள் நிற்கும். வலப்பக்கம் தெரிவதுதான் கோப்பில் உண்மையாக இருப்பது.

நடுப்பகுதியில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், கருவி அந்த வரியை மட்டும் மாற்றுவதில்லை. அந்தச் சட்டகத்தின் அல்லது பொத்தானின் நிரல் முழுவதையும் மறுபடி தொகுக்கிறது. ஊகம் ஓரிடத்தில் தவறியிருந்தால் அந்தத் தவறும் சேர்ந்தே தொகுக்கப்படும். இதனால்தான் நான் எப்போதும் ஒரு சோதனையை முதலில் செய்கிறேன். திருத்தப்போகும் துண்டைத் திறந்து, ஓர் எழுத்தையும் மாற்றாமல் அப்படியே சேமித்து, பாடத்தை முழுவதும் ஓட்டிப் பார்க்கிறேன். சரியாக ஓடினால் நடுப்பகுதியிலேயே திருத்தலாம். ஓடவில்லை என்றால் அந்தத் துண்டை வலப்பக்கத்தில், கீழ்நிலைக் கட்டளையாக மட்டுமே திருத்த வேண்டும். டிகம்பைல் செய்த வரிகளுக்கிடையே இரட்டைப் பிரிவுக் குறிகளுடன் ‘புஷ்’, ‘பாப்’ என்ற சொற்கள் தென்பட்டாலும், கருவியால் அவ்விடத்தை முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று பொருள். அங்கே நடுப்பகுதியைத் தொடாதீர்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் நேரே திருத்தத் தொடங்கி, பிழை என் திருத்தத்திலா கருவியின் தொகுப்பிலா என்று தெரியாமல் நான் ஒரு முழுநாளை இழந்திருக்கிறேன்.

முகவரியை மாற்றுதல்

தேடல் பெட்டியில் முழு முகவரியையும் கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்காது. நிரல் எழுதியவர்கள் சர்வர் பெயரை ஒரு மாறியிலும், கோப்பின் பெயரை இன்னோரிடத்திலும் வைத்து, ஓடும்போது ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆகவே ‘ஹெச்டிடிபி’ என்ற தொடக்கத்தை மட்டும் தேடுங்கள். பிறகு சர்வர் பெயரின் ஒரு பகுதியைத் தேடுங்கள். கடைசியாக, செய்தி அனுப்பும் கட்டளைகளான லோட்வார்ஸ், கெட்யூஆர்எல் ஆகியவற்றைத் தேடுங்கள். என் பாடத்தில் முகவரி இரண்டு இடங்களில் இருந்தது: ஒன்று மதிப்பெண் அனுப்பும் இடம், மற்றொன்று உதவிப் பக்கத்தைத் திறக்கும் பொத்தான். முதலாவதோடு நிறுத்தியிருந்தால் உதவிப் பொத்தான் பழைய சர்வரையே தேடிக்கொண்டிருந்திருக்கும்.

கண்டுபிடித்ததும் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். எஃப்எஃப்டெக் நீளங்களைத் தானே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். ஹெக்ஸ் எடிட்டரில் செய்வோர்தான் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய வகை நிரலில் சொற்சரங்கள் ஒரு மாறிலிக் குளத்தில் (நிரல் எடுத்தாளும் சொற்சரங்களின் பட்டியலில்) ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் சுழியப் பைட்டால் முடிக்கப்படும். புதிய முகவரி நீளம் குறைந்ததாயிற்றே என்று மிச்ச இடத்தைச் சுழியங்களால் நிரப்பினால், ஒவ்வொரு சுழியமும் ஒரு வெற்றுச் சொற்சரமாக எண்ணப்பட்டு, பின்னால் வரும் எல்லாச் சொற்சரங்களின் வரிசை எண்ணும் தள்ளிப்போகும். விளைவாக, முகவரிக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் பாடம் உடையும். மூன்றாம் பதிப்பில் சொற்சரத்தின் முன்னால் நீளம் எழுதப்பட்டிருக்கும். அங்கேயும் நீளத்தை மாற்றாமல் எழுத்துகளைக் குறைக்கக் கூடாது.

முகவரி மாறினால் அனுமதியும் மாறும். ஃபிளாஷ் பிளேயர் வேறொரு சர்வரிலிருந்து செய்தியை வாசிக்க வேண்டுமானால், அந்தச் சர்வரின் வேர்க் கோப்புறையில் ‘கிராஸ்டொமைன்’ என்ற எக்ஸ்எம்எல் அனுமதிக் கோப்பு இருக்க வேண்டும். ரஃபிள் உலாவியின் வழியாகவே செய்தி அனுப்புவதால், வேறொரு சர்வரின் செய்தியை வாசிக்க அந்தச் சர்வரின் அனுமதியைக் கோரும் உலாவியின் கோர்ஸ் விதி அங்கே பொருந்தும்; சர்வர் அதற்குரிய தலைப்புகளைத் தர வேண்டும். பாடம் ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தில் இருக்கிறது, முகவரியோ வெறும் ஹெச்டிடிபி என்றால் உலாவி அதைத் தடுத்துவிடும். நிரலில் பிழையே இல்லாமல் மதிப்பெண் போய்ச் சேராதபோது முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

எண்ணை மாற்றுதல்

தேர்ச்சியைத் தீர்மானிக்கும் வரியில், மதிப்பெண் 8-ஐவிடப் பெரியதா என்று கேட்கப்பட்டிருந்தது. ‘பெரியது அல்லது சமம்’ என்று கேட்டிருக்க வேண்டும். குறியை மாற்றலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பழைய எந்திரத்தில் ‘பெரியது அல்லது சமம்’ என்பதற்குத் தனிக் கட்டளை கிடையாது. ‘சிறியது’ என்ற கட்டளையையும் அதன் விடையைத் தலைகீழாக்கும் ‘நாட்’ கட்டளையையும் சேர்த்தே அது எழுதப்படும். பி-கோடில் அதைச் செய்தால் கட்டளைகள் கூடும். மதிப்பெண்ணோ எப்போதும் முழு எண்தான். எனவே 8-ஐ 7 ஆக்கினால் போதும்: 7-ஐவிடப் பெரியது என்பதும் குறைந்தது 8 என்பதும் ஒன்றே. ஒரே ஓர் எண் மட்டும் மாறியது, வேறெதுவும் நகரவில்லை. எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் இப்படி ஒரு சிறிய வழி இருக்கிறதா என்று சற்று நேரம் யோசிப்பது பலன் தரும்.

பி-கோடில் ‘இஃப்’ கட்டளையைப் படிக்கும்போது குழப்பம் வரலாம். தொகுப்பான் பெரும்பாலும் நிபந்தனையைத் தலைகீழாக்கி, ‘இது உண்மை இல்லையெனில் அந்த இடத்துக்குத் தாவு’ என்று எழுதும். ஆகவே தாவும் இடம் எது, தாவாமல் தொடர்ந்து ஓடும் பகுதி எது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தபின் கை வையுங்கள்.

வரியைச் சேர்த்தல்

மூன்றாவது குறைக்கு, ‘மீண்டும்’ பொத்தானின் நிரலில் மதிப்பெண்ணைச் சுழியமாக்கும் ஒரு வரி தேவைப்பட்டது. அந்தப் பொத்தானில் ஏற்கனவே இருந்தது ஒரே கட்டளை: வினாப் பகுதியின் முதல் சட்டகத்துக்குப் போய் ஓடு என்பது. அதற்கு முன்னால் புதிய வரியைச் சேர்த்தேன். பின்னால் சேர்ப்பதைவிட இது தெளிவானது, ஏனெனில் வினாப் பகுதி தொடங்கும்போதே மதிப்பெண் சுழியமாக இருக்கும்.

இங்கே புதியவர்கள் தவறுவது மாறியின் இருப்பிடத்தில். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஆகியவற்றில் ஒவ்வொரு கிளிப்புக்கும் தனிக் காலக்கோடும் தனி மாறிகளும் உண்டு. பொத்தான் ஒரு கிளிப்புக்குள் இருந்தால், பெயரை மட்டும் எழுதிச் சுழியம் கொடுப்பது அந்தக் கிளிப்பில் அதே பெயரில் புதிய மாறி ஒன்றை உருவாக்கிவிடும். உண்மையான மதிப்பெண் தொடப்படாமலே இருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மதிப்பெண்ணைக் கூட்டும் வரியைத் தேடி, அங்கே மாறிக்கு முன் ‘ரூட்’ (முதன்மைக் காலக்கோடு) என்றோ ‘பேரன்ட்’ (ஒரு படி மேலுள்ள காலக்கோடு) என்றோ எந்தப் பாதை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வரி எந்தக் காலக்கோட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பிறகு உங்கள் பொத்தானிலிருந்து அதே இடத்தை அடையும் பாதையை எழுதுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள்: பதிப்பு 6 வரை மாறிப் பெயர்களில் அது பொருட்டில்லை, 7 முதல் பொருட்டு.

பி-கோடில் சேர்ப்பதானால் தாவல்களின் தூரம் பைட் கணக்கில் இருப்பதை நினைவில் வையுங்கள். எஃப்எஃப்டெக் தாவும் இடங்களைப் பெயரிட்ட அடையாளங்களாகக் காட்டி, சேமிக்கும்போது தூரங்களைத் தானே மறுபடி கணக்கிடும். ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு கட்டளையை நுழைத்தாலோ தாவல், சார்பின் அளவு, டேக்கின் நீளம், கோப்பின் நீளம் என எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டியிருக்கும். அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்றால்

இங்கே சட்டகங்களில் எழுதிய நிரலும் வகுப்புகளுக்குள் போய்விடும். முதல் சட்டகத்தின் நிரல், ‘ஃபிரேம்1’ என்பது போன்ற பெயரில் முதன்மை வகுப்பின் ஒரு சார்பாக மாறியிருக்கும். சட்டகத்தைத் தேடாமல் வகுப்பைத் தேடுங்கள். நடுப்பகுதியில் திருத்த எஃப்எஃப்டெக்குக்கு ‘பிளேயர்குளோபல்’ என்ற நூலகக் கோப்பு தேவைப்படலாம். அதன் இருப்பிடத்தை அமைப்புகளில் சொல்ல வேண்டும். எண்ணையோ சொற்சரத்தையோ மாற்ற பி-கோடே போதும்; மூன்றாம் பதிப்பில் நான் பெரும்பாலும் அதையே நாடுகிறேன்.

இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘புஷ்பைட்’ கட்டளை -128 முதல் 127 வரையிலான எண்ணை மட்டுமே தாங்கும். 100 என்பதை 200 ஆக்க வேண்டுமானால் எண்ணை மாற்றினால் போதாது, கட்டளையையே ‘புஷ்ஷார்ட்’ என்று மாற்ற வேண்டும். அடுத்து, ஒவ்வொரு சார்பும் தனக்கு இடைக்கால மதிப்புகளை வைக்க அதிகபட்சம் எவ்வளவு அடுக்கிடம் (ஸ்டாக்) வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்திருக்கும். நீங்கள் சேர்க்கும் கட்டளைகள் அந்த அளவைத் தாண்டினால் பிளேயர் 1023 என்ற எண்ணுடன் சரிபார்ப்புப் பிழையைக் காட்டும்; அடுக்கில் இல்லாததை எடுக்க முயன்றால் 1024. சார்பு முதன்முறை அழைக்கப்படும்போதுதான் இந்தச் சரிபார்ப்பு நடக்கும். ஆகவே பாடம் பிழையின்றித் தொடங்கியதை வைத்து மகிழ்ந்துவிடாமல், திருத்திய சார்பை அழைக்கும் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள்.

திரையில் தெரியும் தமிழ்

தமிழ்ப் பாடங்களைத் திருத்துவோருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய பாடங்களில் தமிழ் உரை பாமினி, டிஸ்கி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் போன்ற எட்டுபிட் குறியாக்கங்களில் இருக்கும். டிகம்பைலரில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஐரோப்பியக் குறிகளாகவும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். முதலில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்து, உரைக்குரிய எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடியுங்கள். குறியாக்கம் எது என்பதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். புதிய வாக்கியத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து, குறிமாற்றியால் அந்தக் குறியாக்கத்துக்கு மாற்றி, அதையே ஒட்டுங்கள். யூனிகோடு உரையை நேரே ஒட்டினால், உள்ளிணைத்த எழுத்துருவில் அந்தக் குறியெண்களே இல்லாததால் வெற்றிடம்தான் வரும்.

அதோடு முடிவதில்லை. ஃபிளாஷ், எழுத்துரு முழுவதையும் கோப்பில் வைக்காமல், பயன்பட்ட எழுத்துகளின் வடிவங்களை மட்டும் வைத்திருக்கும். பழைய வாக்கியத்தில் ‘ஞ’ வரவில்லை என்றால் புதிய வாக்கியத்தின் ‘ஞ’ திரையில் தெரியாது. அதே எழுத்துரு உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருந்தால், எஃப்எஃப்டெக்கின் எழுத்துருப் பகுதியில் அந்த எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துரு கிடைக்கவில்லை என்றால், இருக்கும் எழுத்துகளைக் கொண்டே வாக்கியத்தை அமைத்துப் பாருங்கள். என் பாடத்தில் ஒரு செய்தியை மாற்ற அரைமணி நேரம் சொற்களைத் தேடினேன். கடைசியில் கிடைத்த வாக்கியம் பழையதைவிட எளிமையாகவே இருந்தது.

உரை நிரலில் இல்லாமல் நிலையான உரையாக இருந்தால், கோப்பில் எழுத்துகளுக்குப் பதில் எழுத்துருவில் அவற்றின் வரிசை எண்களே இருக்கும். ஸ்கிரிப்டுகளில் தேடி அது கிடைக்காததற்குக் காரணம் இதுதான்; டெக்ஸ்டுகள் என்ற கிளையில் தேட வேண்டும்.

சரிபார்த்தல்

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் தனிப் பெயரில் சேமித்து ஓட்டிப் பாருங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்துவிட்டு ஒருமுறை சோதிப்பது வேண்டாம். எல்லாம் முடிந்ததும், பழைய கோப்பின் ஸ்கிரிப்டுகள் அனைத்தையும் ஒரு கோப்புறைக்கும், புதிய கோப்பின் ஸ்கிரிப்டுகளை இன்னொன்றுக்கும் ஏற்றுமதி செய்து, உரை ஒப்பீட்டுக் கருவி ஒன்றில் இரண்டையும் ஒப்பிடுங்கள். நீங்கள் மாற்றிய வரிகள் மட்டுமே வேறுபாடாகத் தெரிய வேண்டும். என் பாடத்தில் நான்கு வரிகள் தெரிந்தன: முகவரி இரண்டு, எண் ஒன்று, புதிய வரி ஒன்று. ஐந்தாவது ஒன்று தெரிந்திருந்தால், அது எப்படி வந்தது என்று அறியும்வரை வெளியிட்டிருக்க மாட்டேன்.

ஓட்டிப் பார்க்கும்போது எல்லை மதிப்புகளைச் சோதியுங்கள். 7 சரியாக விடையளித்து ஒருமுறை, 8 சரியாக விடையளித்து ஒருமுறை, 10-உம் சரியாக ஒருமுறை. பிறகு ‘மீண்டும்’ பொத்தானை அழுத்தி, எல்லாவற்றுக்கும் தவறாக விடையளித்துச் சுழியம் வருகிறதா என்று பாருங்கள். புரொஜெக்டரிலும் ரஃபிளிலும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். வட்டிலிருந்து நேரே ஓட்டும்போது மட்டும் இணையத் தொடர்பு கிடைக்கவில்லை என்றால், பதிப்பு 8 முதலான ஸ்விஃப்புகளில் 69-ஆம் வகை டேக்கில் உள்ள பிணையப் பயன்பாட்டுக் குறியைப் பாருங்கள். அது அணைந்திருந்தால், வட்டிலிருந்து ஓடும் கோப்பு இணையத்தை அணுக பிளேயர் விடாது.

வெளியிடும்போது கோப்பின் பெயரில் ஒரு பதிப்பெண்ணைச் சேர்த்து, ஹெச்டிஎம்எல் பக்கத்திலும் அதையே குறிப்பிடுங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால் மாணவர்களின் உலாவிகள் தற்காலிகச் சேமிப்பிலிருக்கும் பழைய பிரதியையே காட்டக்கூடும்.

இனி இந்தப் பாடத்துக்கு மூலக்கோப்பு என்று இருக்கப்போவது நீங்கள் தொகுத்து வைக்கும் கோப்புறைதான். அதில் தொடாத பழைய ஸ்விஃப், அதன் ஹாஷ், திருத்திய ஸ்விஃப், இரண்டின் ஏற்றுமதி செய்த ஸ்கிரிப்டுகள், பயன்படுத்திய எழுத்துரு, குறியாக்கத்தின் பெயர், எஃப்எஃப்டெக்கின் பதிப்பெண் ஆகியவற்றை வையுங்கள். கூடவே, எந்தத் துண்டில் எந்த வரி எதிலிருந்து எதுவாக மாறியது, ஏன் மாறியது என்பதை எளிய உரைக் கோப்பில் தேதியுடன் எழுதி வையுங்கள். அந்தக் கோப்புறையின் பிரதி ஒன்றை வேறொரு வட்டிலும், மற்றொன்றைப் பாடத்தின் உரிமையாளரிடமும் கொடுத்துவிடுங்கள்.